வெறும்வயிற்று இலக்கம்

மர்ஷூதாவின் ரத்தச் சீனி நூற்றி இருபத்தொன்பது என்று காலை ஆறேகாலுக்கு வட்ஸ்அப்பில் படம் வந்தது. பதினோரு கிழமையாக, எழுபத்தேழு நாளாக, இந்த நேரத்துக்கு இப்படி ஒரு படம் வருகிறது. சீனி பார்க்கிற சின்ன மிஷின், அதன் கண்ணாடியில் ஒரு இலக்கம், அடியில் மர்ஷூதா வீட்டு மேசைவிரிப்பின் பூக்கள். இத்தனை நாளும் அஸ்ரியா படத்தைக் கண்டதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக் கொப்பியில் எழுதிவிடுவாள். இன்றைக்குப் பேனையைத் திறந்தவள் திரும்ப மூடிவிட்டாள்.

எல்லாம் அவள் கணவன் ஜௌபர் பார்த்த வேலை. உப்பளத்தில் மேற்பார்வை செய்கிறவன். முந்தின நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது ஒரு கதையைப் போட்டான்.

"உன்ட மர்ஷூதா ராத்தா காலை இழுத்து இழுத்தெல்லோ நடக்கிறா. செருப்புக்குள்ள துணி சுத்தியிரிக்கி. பெருவிரல்ல புண்."

"உப்பு வெட்டியிரிக்கும். உப்பளத்துல ஆருக்குக் காலில புண் இல்ல?"

"மத்தவங்களுக்கு நாலு நாள்ல காயுது. இவவுக்கு ரெண்டு மாசமாக் காயல்ல. சீனி கொறஞ்ச ஆளுக்குப் புண் ஏன் காயாம கிடக்கு? நீதானே படிக்கிறவ, சொல்லன்."

சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பிப் போனான். அஸ்ரியா மிச்சச் சோற்றை அப்படியே மூடிவைத்தாள்.

அஸ்ரியா டொக்டர் இல்லை. அதை அவளே நாளைக்குப் பத்துத்தரம் சொல்வாள். புத்தளம் டவுனில் ஒரு மருந்துக்கடையில் ஆறு வருஷம் நின்றவள். குளிசை வாங்க வருகிற பெண்கள் எதைத் தின்கிறோம், எப்போது படுக்கிறோம், எதற்கு அழுகிறோம் என்று அவளிடம்தான் கொட்டிவிட்டுப் போவார்கள். பிள்ளை பிறந்து வேலையை விட்ட பிறகு அந்தப் பெண்கள் தில்லையடியில் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். முன்னறையில் இரண்டு கதிரை, ஒரு பாய், பிரஷர் பார்க்கிற மிஷின். சீனி வருத்தக்காரருக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு நடை, மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று சொல்லிக்கொடுப்பாள். விடிய சுபஹு தொழுதுவிட்டுப் பன்னிரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு களப்பு ரோட்டில் நடப்பாள். ரோட்டில் படுத்துக்கிடக்கிற கழுதைகள்கூட இப்போது அவர்களைக் கண்டால் எழும்பி வழிவிடும்.

இதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். டவுனில் தனியார் வைத்திய நிலையம் நடத்துகிற டொக்டரம்மா ஒருநாள் கூப்பிட்டு, "ஒரு சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்க, கிழமைக்கு ரெண்டு பின்னேரம் ஒரு அறை தாறன், என்ட சீனி நோயாளிகளோட நீங்க கதையுங்க" என்றார். அஸ்ரியா அன்றே தேடத் தொடங்கிவிட்டாள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒருங்கிணைந்த சுகாதாரம் என்று பத்துமாதப் படிப்பு நடத்தியது. உணவு, நித்திரை, நடை, மனம், டொக்டரின் மருந்து ஐந்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற படிப்பு. சனி ஞாயிறில் போன் திரைக்கு முன்னால் இருந்து இங்கிலீஷில் படித்தாள். விளங்காத இடத்தை நாலுதரம் திருப்பிக் கேட்டாள். கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. ஒரு ஆளைப் பன்னிரண்டு கிழமை தொடர்ந்து கவனித்து, தினம் வெறும்வயிற்றில் எடுத்த இலக்கத்தோடு அறிக்கை கொடுக்கவேண்டும். வருகிற ஞாயிறு பரீட்சை. அக்கா முறைக்கு அவள் ராத்தா என்று கூப்பிடுகிற மர்ஷூதாதான் அந்த ஆள்.

ஊர் சும்மா இருக்குமா? "நம்மட வருத்தத்த எல்லாம் எழுதி வெள்ளைக்காரனுக்கு அனுப்புறாளாம்" என்று ஒரு கதை. "ரத்தத்த வெச்சு என்னவோ செய்றாங்களாம்" என்று இன்னொன்று. மர்ஷூதாவே முதலில் ஒப்பவில்லை. தொண்ணூறாம் ஆண்டு பதினாறு வயதில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு தோணியில் வந்து இறங்கியவள் அவள். அதற்குப்பிறகு எத்தனையோ பேர் படிவம் கொண்டுவந்து அவளை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். எழுதிப்போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்ததில்லை. கடதாசியைக் கண்டாலே எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். அஸ்ரியா நாலு தரம் நடந்துதான் கையெழுத்து வாங்கினாள்.

அப்போது கிளினிக் கடதாசியில் மர்ஷூதாவின் வெறும்வயிற்றுச் சீனி இருநூற்றி அறுபத்திரண்டு. வீட்டுக்கு மிஷின் கொடுத்து இரண்டாம் கிழமையே நூற்றி முப்பத்தெட்டு. பிறகு முப்பத்தொன்று, முப்பத்திநாலு, இருபத்தேழு. இவ்வளவு கெதியில் இறங்குமா என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. நல்ல இலக்கத்தைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனம் வரும்?

இன்றைக்கு நடையில் வைத்து றைஸா வேறு எரிச்சலைக் கிளப்பினாள். றைஸா நடப்பதைவிடத் துருவுவதில் கெட்டிக்காரி. மர்ஷூதாவின் மகள் சிபானாவைத் தன் மகன் ரிப்கானுக்குப் பேசி முடித்திருக்கிறாள். நிக்காஹுக்கு இன்னும் இரண்டு மாதம்.

"அஸ்ரியா, சம்பந்திட சீனி நல்லாக் கொறஞ்சிட்டாமே?"

"ஒருத்தர்ட கதைய இன்னொருத்தருக்கு நான் சொல்லமாட்டன் ராத்தா."

"நீ சொல்லாட்டி என்ன? ஒவ்வொரு விடியலும் எனக்கும் படம் வருதே. நான்தான் கேட்டன். தாய்க்கு இரிந்தா மகளுக்கும் வருமாம் எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க. பாத்துத்தானே எடுக்கோணும்."

அஸ்ரியாவின் கால் தானாக மெதுவானது. அந்தப் படம் தனக்கு மட்டும் வருகிறது என்றல்லவா நினைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் மனம் போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். மர்ஷூதா வேறெங்கோ மருந்து எடுக்கிறாள் என்று நினைத்தாள். உடப்புத் திருவிழாவுக்கு ஊரே பஸ் ஏறிப்போன நாளில் மர்ஷூதாவும் அந்தப் பக்கம் போய் வந்தது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு நாட்டுவைத்தியர் கறுப்புத் தூள் கொடுக்கிறாராம். இல்லாவிட்டால் குளிசையை இரண்டு மடங்காக விழுங்குகிறாளோ? அதுவும் இல்லாவிட்டால் ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறாளோ? போனை நோண்டி எழுபத்தேழு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இல்லை, திகதி ஒவ்வொன்றும் வேறு. மேசைவிரிப்பில் ஒருநாள் பாண் துகள், ஒருநாள் ஊசிநூல். படம் உண்மையான படம்தான்.

பின்னேரம் உப்பளத்துக்கே போனாள். ஆவணி வெயில். மழை இறங்குமுன் வாரிவிடவேண்டும் என்று பாத்தி பாத்தியாகப் பெண்கள் நின்றார்கள். பலகை வைத்த கோலால் உப்பை இழுத்துக் குவித்து, கூடையில் அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு வரம்பில் நடக்கவேண்டும். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தும். மர்ஷூதா குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பனங்கட்டி கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். அஸ்ரியாவைக் கண்டதும் பனங்கட்டியைச் சீலைக்குள் ஒளித்தாள்.

"என்ன புள்ள, இஞ்சயெல்லாம் வந்திரிக்கிறாய்? வேவு பாக்கவா?"

"கால் நோகுதாம் எண்டு கேள்விப்பட்டன்."

"ஆரு சொன்ன, உன்ட மாப்பிளயா? அவருக்கு உப்பப் பாக்கச் சொல்லித்தான் வேல குடுத்திரிக்கி. என்ட காலப் பாக்கச் சொல்லி இல்ல."

"கிளினிக் காட்டக் காட்டுங்களன் ராத்தா."

"வீட்ட இரிக்கி."

"போன மாசம் போனீங்களா?"

மர்ஷூதா கோப்பையின் அடியைப் பார்த்தாள். "சீனிதான் கொறஞ்சிட்டே. பிறகென்னத்துக்குக் கிளினிக்? ஒரு நாள் வேல போயிடும்."

"குளிசைய நிப்பாட்டாதீங்க, கிளினிக்க விடாதீங்க எண்டுதானே முதல் நாளே சொன்னன்."

"குளிசை போடுறன். அல்லாஹ் பேரில. நம்பாட்டி விடு."

அஸ்ரியாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது. தன்னை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஒரு மனுஷியைக் கள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே என்று.

"நாளைக்கு விடிய நான் வாறன்" என்றாள். "எனக்கு முன்னால ஒருக்காப் பாப்பம். ஞாயித்துக்கெழம பரீட்ச. ஒரு நாளாவது நான் கண்ணால பாத்திரிக்கோணும்."

"வா" என்றாள் மர்ஷூதா. சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடந்தாள்.

விடிய ஆறு மணிக்குப் போனாள். இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கென்று வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் கடைசி வீடு. ஆறரைக்கு உப்பளத்து டிராக்டர் வந்துவிடும். மர்ஷூதா குரக்கன் றொட்டியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு மேசையடியில் இருந்தாள். சிபானா பின்னறையில் தையல் மிஷினுக்கு முன்னால். தன் கலியாணச் சட்டையைத் தானே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாம் தரம் சின்னதாக்குறன் மாமி" என்று அஸ்ரியாவைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் பெரிய போத்தலில் தண்ணீர். பாதி குடித்திருந்தது.

"கலியாணப் புள்ள மெலியிறது வழமதானே" என்றாள் தாய்.

அஸ்ரியா சீனி மிஷினை எடுத்தாள். "கையத் தாங்க ராத்தா."

"இண்டைக்கு ஏலாது போல. காய்ச்சக் குணமா இரிக்கி."

"கையத் தாங்க."

கையை வாங்கிப் பிடித்த பிறகுதான் அஸ்ரியா அதைச் சரியாகப் பார்த்தாள். இத்தனை கிழமையில் கிட்ட இருந்து பார்த்ததேயில்லை. முப்பது வருஷம் உப்பு அள்ளிய கை. விரல் நுனியெல்லாம் தோல் தடித்து மஞ்சளாகி, கொட்டாங்கொட்டை ஓடுபோல இறுகிக் கிடந்தது. தடிக்காத இடமெல்லாம் வெடிப்பு. ஊசியை அழுத்தினாள். டிக் என்றது. ரத்தம் வரவில்லை. ஆழத்தைக் கூட்டி வைத்துத் திரும்ப அழுத்தினாள். மர்ஷூதா பல்லைக் கடித்தாள். அப்போதும் இல்லை. மூன்றாவது விரலில் வெடிப்புக்குப் பக்கத்தில் ஊசி இறங்கியதும் "யா அல்லாஹ்" என்று கத்திவிட்டாள். உப்பு ஊறிய வெடிப்பில் ஊசி பட்டால் எப்படி எரியும் என்று அந்தக் கத்தலில் தெரிந்தது. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி ஒரு துளி எடுத்தாள்.

இருநூற்றி எண்பத்தேழு.

மிஷின் பிழையோ என்று அஸ்ரியா ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு மர்ஷூதாவின் முகத்தைப் பார்த்தாள். மிஷின் பிழையில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் அனுப்பினது ஆருட?"

பின்னறையில் தையல் மிஷின் நின்றது.

"ராத்தா, உங்களத்தான் கேக்கிறன்."

"சிபானாட" என்றாள் மர்ஷூதா. "முதல் கெழம நான் எத்தின தரம் குத்திப் பாத்தன் தெரியுமா? ரத்தம் வராது. வந்தாலும் அண்டைக்கு முழுக்க உப்புல கை வெக்க ஏலாது. எரிஞ்சு உயிர் போகும். நீ ஒவ்வொரு நாளும் எங்க படம், எங்க படம் எண்டு கேக்கிறாய். சரி, மகள்ட விரல்ல ஒருக்கா எடுப்பம் எண்டு எடுத்தன். என்ட வயித்துல பொறந்தவதானே. ரத்தம் ஒண்டுதானே."

"ரத்தம் ஒண்டா ராத்தா!"

"நீ கண்டிட்டு எவ்வளவு சந்தோசப்பட்டாய். பூப் படமெல்லாம் அனுப்பினாய். அதுக்குள்ள றைஸா கேட்டா. தாய்க்கு இவ்வளவு சீனியா எண்டு இழுத்தா. நான் அவவுக்கும் அதயே அனுப்பினன். கிளினிக்குப் போனா ஊசி போடச் சொல்லுவாங்க எண்டு பயந்து போகல்ல. போகப்போக அது என்ட சீனிதான் எண்டு எனக்கே நெனப்பு வந்திட்டுது."

அஸ்ரியாவின் முதல் நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. எழுபத்தேழு நாள், பத்து மாதப் படிப்பு, டொக்டரம்மாவின் அறை எல்லாம் போச்சு என்பதுதான் அது. கோபமும் வந்தது. பொய் சொல்கிற மனுஷி பழைய படத்தை அனுப்பியிருந்தால்கூட அவள் கண்டுபிடித்திருப்பாளே.

"தேத்தண்ணி குடுத்திட்டு எடுத்தீங்களா அவளுக்கு?" என்று கேட்டாள். ஏன் கேட்டாளென்று அவளுக்கே தெரியாது. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது.

மர்ஷூதாவுக்கு ரோஷம் வந்தது. "சீ. வெறும்வயித்துலதான். நீ சொன்ன மாதிரியே. ராவு ஒம்பதுக்குப் பிறகு ஒண்டும் திங்கவிடமாட்டன். பச்சத் தண்ணியத் தவிர."

அஸ்ரியா கொப்பியைத் திறந்தாள். நூற்றி முப்பத்தெட்டு. நூற்றி முப்பத்தொன்று. நூற்றி முப்பத்திநாலு. பதினோரு கிழமையாக மாஷா அல்லாஹ் என்று பக்கத்தில் எழுதி வைத்த இலக்கங்கள். இருநூற்றி அறுபதில் இருந்த ஐம்பத்தொரு வயது மனுஷி இதற்கு இறங்கினால் அது பெருநாள். பத்தொன்பது வயதுப் பிள்ளை, இரவு முழுக்க ஒன்றும் தின்னாமல் எழும்பி, நூற்றி முப்பத்திநாலு காட்டினால்? அவள் மருந்துக்கடையில் நின்றவள். நூற்றி இருபத்தாறைத் தொட்டால் சீனி வருத்தம் என்ற கோட்டை அவளுக்கு யாரும் படித்துக்கொடுக்கத் தேவையில்லை. இந்த எழுபத்தேழு இலக்கத்தில் கோட்டுக்குக் கீழே நின்றவை ஐந்தோ ஆறோதான்.

வாசல் சீலைக்குப் பின்னால் சிபானா நின்றாள். சட்டையைச் சின்னதாக்கின கை, தண்ணீர்ப் போத்தல், கழுத்தெலும்பு எல்லாம் இப்போதுதான் அஸ்ரியாவின் கண்ணில் பட்டது.

"மகள், ராவுல எத்தின தரம் ஒண்ணுக்கு எழும்புறீங்க?"

"நாலு அஞ்சு தரம்" என்றாள் சிபானா. "தண்ணி குடிக்கிறதாலயாக்கும்."

மர்ஷூதா படிக்காதவள். ஆனால் சீனி வருத்தத்தோடு ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினவள். கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. எழும்பி முன்கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். திரும்பி வந்து அஸ்ரியாவின் கையைப் பிடித்தாள்.

"எழுதினதெல்லாம் என்ட பேர்லயே கிடக்கட்டும்."

"ராத்தா..."

"சொல்லுறதக் கேள். என்ட பேர்ல இரிந்தா உனக்கும் ஞாயித்துக்கெழம கடதாசி கிடைக்கும். அவளுக்கும் கலியாணம் நடக்கும். ரெண்டு மாசம். ரெண்டே மாசம் பொத்திக்கொண்டிரு. பிறகு நானே கூட்டிக்கொண்டு போறன் ஆஸ்பத்திரிக்கு."

"ரெண்டு மாசத்துல என்னவும் நடக்கலாம். இப்பிடி மெலிஞ்சா மயங்கி விழுந்திடுவா."

"நீ சொல்லிடுவாய்." மர்ஷூதாவின் கண் சுருங்கியது. "எனக்குத் தெரியும். விடிஞ்சா அந்த றைஸாவோட நடக்கிறவதானே நீ. அவ கேப்பா, நீ சொல்லுவாய்."

"பதினோரு கெழம உங்கட பொய்ய நம்பின என்னையா சந்தேகப்படுறீங்க?" அஸ்ரியாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் றைஸாக்குச் சொல்லமாட்டன். ஆனா என்ட கொப்பியில பொய் வெக்கவும் மாட்டன். வியாழக்கெழம விடிய டவுன் லேப்புக்கு ரெண்டுபேரும் வாங்க. உங்களுக்கும் எடுக்கோணும், அவளுக்கும் எடுக்கோணும். நான் அங்க நிப்பன்."

வெளியே டிராக்டரின் ஹோர்ன் அடித்தது. மர்ஷூதா றொட்டிப் பார்சலை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து போய் ஏறினாள்.

அன்று பகல் அஸ்ரியா பத்துமாதப் படிப்பின் ஆசிரியைக்கு எழுதினாள். நான் அனுப்பிய இலக்கங்கள் அந்த ஆளுடையவை அல்ல, என் பிழை, ஒருநாளும் நேரில் நின்று பார்க்கவில்லை என்று. எழுத வராத இங்கிலீஷ் அன்றைக்கு நன்றாகவே வந்தது. மறுமொழி மரியாதையாக இருந்தது. நேர்மைக்கு நன்றி, அடுத்த தொகுதி மாணவரோடு புதிதாகப் பன்னிரண்டு கிழமை செய்யலாம். டொக்டரம்மா அதைவிட மரியாதையாகச் சொன்னார். அறையை அதுவரை வைத்திருக்க ஏலாது, சிலாபத்தில் ஷானிகா என்ற பிள்ளை சான்றிதழோடு இருக்கிறாள், அவள் வருவாள் என்றார். அஸ்ரியா குசினியில் வெங்காயம் உரிக்கிற சாட்டில் நன்றாக அழுதாள். ஜௌபர் பகிடி பண்ணப்போகிறான் என்று பயந்திருந்தாள். அவன் கதவடியில் நின்றுவிட்டு, "நான் வாயத் திறந்திரிக்கக் கூடாது" என்றான்.

"திறந்தது நல்லதுதான்" என்றாள் அவள். அப்படிச் சொல்லும்போது அவன்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது.

வியாழன் விடிய ஏழு மணிக்கு லேப் வாசலில் நின்றாள். வரமாட்டார்கள் என்று மனம் அடித்துச் சொன்னது. சிபானாவை எங்காவது சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருப்பாள். றைஸாவிடம் அஸ்ரியாவைப் பற்றி ஒரு கதையை முந்திக்கொண்டு சொல்லியிருப்பாள். ஏழேகால், ஏழரை. ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற ஒவ்வொரு கறுப்பு அபாயாவையும் பார்த்துப் பார்த்துக் கண் நொந்தது.

எட்டுக்கு வந்தார்கள். இரண்டுபேரும் முகத்தை மூடியிருந்தார்கள். மூடாத மர்ஷூதா இன்றைக்கு மூடியிருந்தாள். அந்த நொண்டல் நடையை வைத்துத்தான் அஸ்ரியா ஆளை அடையாளம் கண்டாள். ஸலாம் சொன்னாள். மர்ஷூதா வாய்க்குள் பதில் சொல்லிவிட்டு விலகி நின்றாள்.

வரிசையில் பத்துப் பதினைந்து பேர். கதிரைகள் நிறைந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களுடைய முறை வந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை தலை நிமிராமல், "ஆருக்கு? பேர், வயசு சொல்லுங்க" என்றாள்.

"மர்ஷூதா. அம்பத்தொண்டு." மர்ஷூதா தணிந்த குரலில் சொன்னாள்.

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு இல்ல. எனக்குத்தான். அவ தொணைக்கு வந்தவ."

அஸ்ரியா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அது அவள் சொல்லவேண்டிய பேர் இல்லை.

சிபானா முகத்துணியைக் கீழே இழுத்தாள். அபாயாவின் கையைச் சுருட்டி முழங்கைவரை ஏற்றினாள். விரல் நுனியெல்லாம் குத்தின புள்ளி. தாயை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப்போய் நின்றாள்.

"எனக்கும் பாக்கோணும்" என்றாள். லேப் முழுக்கக் கேட்டது. "சிபானா. பத்தொம்பது."

மர்ஷூதா மகளைப் பார்க்கவில்லை. திரும்பி நின்று, வரிசையில் இருந்த முகங்களில் றைஸாவைத் தெரிந்த முகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள்.